வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்: எந்த வகை எந்த டிரெய்லருக்கு?

டிராவல் டிரெய்லரை மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்வது ஒரு தொல்லை. பெரிய லாரி கடந்து போகும்போது டிரெய்லர் பக்கவாட்டில் அலைவது வேறொரு தொல்லை. இரண்டுக்கும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியாக ஒரே பெட்டியில் மருந்து விற்கப்படுவதால் வாங்குபவர்கள் குழம்புகிறார்கள். எடையைப் பகிரும் வேலையை, சரியான அளவில் வாங்கினால், ஸ்பிரிங் பார் (டிரெய்லர் சட்டத்தை ஒட்டி நீண்டு வில்போல் வளையும் இரும்புத் தண்டு) உள்ள ஏறக்குறைய எல்லா ஹிட்சும் செய்துவிடும். காசு கூடுவதும் குறைவதும் ஆட்டத்தை அடக்கும் விதத்தில்தான்.

முதலில் எடைக் கணக்கு. ட்ரக்கின் இரு அச்சுகளுக்கு இடையே 140 அங்குலம், பின் அச்சிலிருந்து டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் உருண்டை வரை 65 அங்குலம், டங் வெயிட் (டிரெய்லரின் முன்முனை உருண்டையில் அழுத்தும் எடை) 800 பவுண்டு என்று வையுங்கள். வெறும் உருண்டையில் மாட்டினால் முன் அச்சு சுமார் 370 பவுண்டை இழக்கும். பின் அச்சில் 1,170 பவுண்டு ஏறும். 800 பவுண்டு வைத்தால் 1,170 ஏறுவது எப்படி என்று கேட்டால், கிணற்று ஏற்றம்போல் முன்பக்கத்தை நெம்பி எடுத்து பின்னால் போடுவதால்தான். இப்போது பார்களை இறுக்கி முன் அச்சின் இழப்பை முழுக்க மீட்டால், உருண்டைக்கும் டிரெய்லர் அச்சுக்கும் 200 அங்குல இடைவெளி இருக்கும் வண்டியில், பின் அச்சின் கூடுதல் சுமை சுமார் 600 பவுண்டாக இறங்கும். மீதி 200 டிரெய்லரின் சக்கரங்களுக்குப் போகும். பாதி மட்டும் மீட்டால் பின் அச்சில் 890 அளவில் நிற்கும். டங் வெயிட் எங்கும் மறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே.

அந்த 800 எங்கிருந்து வந்தது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். விற்பனைத் தாளில் இருப்பது காலி டிரெய்லரின் எண். இரண்டு 20 பவுண்டு கேஸ் சிலிண்டர்கள் நிரம்பினால் மட்டும் சுமார் 75 பவுண்டு. அதன்மேல் பேட்டரி, முன் அறைச் சாமான்கள். 40 கேலன் நன்னீர்த் தொட்டி நிரம்பினால் சுமார் 330 பவுண்டு. அது அச்சுக்கு முன்னால் இருந்தால் டங் வெயிட் ஏறும், பின்னால் இருந்தால் இறங்கும். பயணத்துக்கு ஏற்றியபின் மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் உருண்டையில் விழ வேண்டும். பத்துக்குக் கீழே போன டிரெய்லர் ஆடத்தான் செய்யும். அதற்கு ஹிட்சை மாற்றுவது வீண்செலவு. சாமான்களை முன்னால் நகர்த்துங்கள்.

இனி வகைகள்.

சங்கிலியில் தொங்கும் ஸ்பிரிங் பார், பக்கத்தில் தனியாக ஒரு உராய்வுப் பட்டை: இதுதான் மலிவான ஏற்பாடு. எடைப் பகிர்வில் குறை சொல்ல முடியாது. உராய்வுப் பட்டைதான் தலைவலி. பின்னால் எடுக்கும் முன் அதைக் கழற்ற வேண்டும். மறந்து ஒடித்துத் திருப்பினால் பட்டை வளையும், அதை மாட்டும் சின்ன உருண்டையின் தகடு கிழியும். மழையில் பிடிப்பு குறையும். சறுக்கும் சாலையில் தளர்த்திவிடச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். சிறிய, இலகுவான டிரெய்லருக்குப் போதும். நீளமான டிரெய்லருக்கு இதை வாங்கி, பிறகு மாற்றி, இரண்டு தடவை செலவழிப்பவர்கள் நிறைய.

ஈக்வலைசர் போன்ற நான்கு முனை உராய்வு ஹிட்சில் சங்கிலியே கிடையாது. பார்கள் டிரெய்லர் சட்டத்தில் பொருத்திய எல் வடிவத் தாங்கிகளின் மேல் உட்கார்ந்து உரசுகின்றன. பார்கள் செருகும் தலைப்பகுதியின் இரு குழிகளிலும் உராய்வு உண்டு. கழற்றாமலேயே பின்னால் எடுக்கலாம். மெதுவாகத் திரும்பும்போது கிறீச்சிடும், முனகும். முகாமில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். தலைக் குழிகளுக்கு கிரீஸ் வேண்டும். எல் தாங்கியின் மேல் கிரீஸ் தடவிச் சத்தத்தை அடக்குபவர்கள் தங்கள் ஆட்டத் தடுப்பையே வழுக்கவிடுகிறார்கள். பெரும்பாலான 20 முதல் 30 அடி டிரெய்லர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே: உதிரி கிடைக்கும், கெட்டுப்போக அதிகம் இல்லை.

ரீஸ் டூயல் கேம் வேறு தத்துவம். பாரின் வளைந்த நுனி ஒரு கேமின் (மேடான உலோகத் துண்டு) மேல் பள்ளத்தில் பொருந்துவதுபோல் உட்காரும். டிரெய்லர் நேர்கோட்டை விட்டு விலக முயன்றால் பார் மேடேற வேண்டியிருக்கும், அதனால் தானே நடுவுக்குத் திரும்பப் பார்க்கும். நன்றாக வேலை செய்யும், ஆனால் ட்ரக்கும் டிரெய்லரும் மிக நேராக நிற்கும்போது கேம்களை மையப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளி இறுக்கினால் வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். பலர் அதை வீல் அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்து அலைவார்கள். ப்ளூ ஆக்ஸ் ஸ்வேப்ரோவிலும் பார்களின் இழுவிசையே டிரெய்லரை நேராக்கப் பார்க்கிறது; சங்கிலி மாட்டும் சுழல் தாழ் கைக்கு எளிது.

ஆண்டர்சன் இலகுவானது, சுமார் 60 பவுண்டு. சத்தமில்லை, கிரீஸ் இல்லை. ஸ்பிரிங் பாருக்குப் பதில் சங்கிலியும், ரப்பர்போல் அமுங்கும் யூரித்தேன் புஷ்ஷும். இதில் சிக்கல் நெம்புகோலின் நீளம். மேலே சொன்ன கணக்கில் முன் அச்சை முழுக்க மீட்க, 30 அங்குலப் பார்கள் இரண்டிலும் சேர்த்து 1,300 பவுண்டு தூக்கல் போதும். உருண்டைக்குக் கீழே சில அங்குலம் மட்டும் இறங்கும் தகட்டை இழுத்து அதே வேலையைச் செய்ய, சங்கிலியில் பல மடங்கு இழுவிசை வேண்டும். டங் வெயிட் கனமாகவும் ட்ரக்கின் பின் ஸ்பிரிங் மென்மையாகவும் இருந்தால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் முன்பக்கம் போதிய அளவு இறங்காது. இலகுவான டிரெய்லருக்கு இனிமையான கருவி.

ஹென்ஸ்லி, ப்ரோப்ரைட் இரண்டும் தனி ஜாதி. நான்கு தண்டு இணைப்பு ஒன்று, டிரெய்லர் திரும்பும் புள்ளியை உருண்டையிலிருந்து முன்னால், ட்ரக்கின் பின் அச்சுக்கு அருகே கொண்டுபோய் வைத்ததுபோல் நடந்துகொள்கிறது. மற்றவை எல்லாம் தொடங்கிய ஆட்டத்தை அடக்குபவை. இவை தொடங்கவே விடாதவை. விலை சாதாரண ஹிட்சைப்போல் பல மடங்கு. எடையும் 200 பவுண்டை ஒட்டி வரும், அது ட்ரக் சுமக்கக்கூடிய எடையிலிருந்து (பேலோட்) கழியும். மாட்டும்போது ட்ரக்கின் தண்டு ஹிட்ச் தலைக்குள் சாயாமல் நேராக நுழைய வேண்டும்; சரிவான இடத்தில் பொறுமை தேவை. அச்சு இடைவெளி குறைந்த ட்ரக்கும் 30 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரும் என்றால் கொடுத்த காசுக்குத் தகும்.

வகை முடிவானபின் பாரின் அளவு. டங் வெயிட்டுடன், ட்ரக்கின் பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றும் சாமான்களின் எடையையும் கூட்டுங்கள். 800 உடன் 150 சேர்ந்தால் 950. 1,000 பவுண்டு பார் சரி. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 1,400 வாங்கினால் பார் வளையாது. ஒவ்வொரு மேடு பள்ளத்தின் அடியும் டிரெய்லர் சட்டத்திலும் ரிசீவரிலும் (ட்ரக்கின் பின்னால் ஹிட்ச் செருகும் குழாய்) இறங்கும். ரிசீவரின் ஒட்டுத்தாளில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: நேரடியாகச் சுமக்க ஒன்று, வெயிட் டிஸ்ட்ரிபியூஷனோடு ஒன்று. இரண்டாவது வரிசையைப் பார்த்து, உங்கள் டங் வெயிட் அதற்குள் அடங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

பொருத்தும்போது ட்ரக்கின் முன் மட்கார்டு வளைவின் உயரம்தான் அளவுகோல். ட்ரக் தனியாக 38 அங்குலம், டிரெய்லர் மாட்டி பார் இல்லாமல் 39.2 என்றால், பாதி மீட்பு 38.6. பாதி போதுமா, முழுதும் வேண்டுமா என்பது ட்ரக்கின் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். 38க்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள், பின் சக்கரங்களின் பிடிப்பு குறையும். போதவில்லையென்றால் ஹிட்ச் தலையை இன்னும் ஒரு வாஷர் பின்னால் சாயுங்கள், அல்லது சங்கிலியில் ஒரு கண்ணி குறையுங்கள். பாருக்கும் தாங்கிக்கும் இடையில் குறைந்தது 5 கண்ணிகளாவது இழுவிசையில் நிற்க வேண்டும். குறைந்தால் கூர்மையான திருப்பத்தில் சங்கிலி முறுக்கிக்கொள்ளும்.

பாரை மாட்ட நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டாம். உருண்டையைக் கவ்வும் கப்ளரைப் பூட்டியபின், டிரெய்லர் முன்முனையில் உள்ள டங் ஜாக்கால் ட்ரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கினால் பார் கையாலேயே ஏறும். கழற்றும்போதும் அப்படியே, இழுவிசையில் உள்ள தாங்கியை அவிழ்த்தால் நெம்புகோல் முகத்துக்கு வரும்.

ஹிட்ச் உருண்டையின் தண்டு 1.25 அங்குலம் என்றால் நட்டுக்கு 450 அடி-பவுண்டு முறுக்கு. வீட்டு ரெஞ்ச் எட்டாது, பட்டறையில் போட்டுவிடுங்கள். சட்டத்துத் தாங்கிகளின் போல்ட்டுகளை முதல் 50 மைலில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். பெயின்ட் நசுங்கியதும் அவை தளரும்.