மூக்கைப் பொத்திய இடத்தில் ஒரு காலை

அடையாற்றுப் பாலம் தாண்டி பஸ் சாந்தோம் பக்கம் திரும்பினாலே அப்பா ஜன்னல் தட்டியை இறக்கிவிடுவார். கட்டட இடிபாடு, குப்பை, சாக்கடை: தெற்கிலிருந்து பழைய நகரத்துக்குள் வருபவருக்கு அதுதான் வரவேற்பு. அடையாறு கடலில் கலக்கும் அந்தக் கழிமுகத்தின் 58 ஏக்கரைச் சீர்செய்து 2011இல் திறந்ததுதான் தொல்காப்பியப் பூங்கா.

சென்ற வாரம் பேரனோடு போனேன். பூப்பாத்தியும் புல்வெளியும் எதிர்பார்ப்பவர் வேறு பூங்கா பார்த்துக்கொள்ளலாம். இங்கே பார்க்க வேண்டியது சேறு. அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள், யாரோ கட்டுக் கட்டாகப் பென்சிலை நட்டுவைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கடல் ஏறும்போது உப்பு நீர் உள்ளே வந்து போவதால்தான் இந்த மரங்களுக்கு இங்கே வாழ்வு. பேரன் நண்டு வளைகளை எண்ணத் தொடங்கி நாற்பதோடு கைவிட்டான். கொக்கு இனத்துப் பறவையான வக்கா ஒன்று அரை மணி நேரம் அசையவில்லை. பொம்மை என்று அவனோடு பந்தயம் கட்டித் தோற்றேன்.

குறை? நீர் வடியும் நேரத்தில் பழைய வாடை எட்டிப் பார்க்கிறது. ஆற்றில் கழிவுநீர் கலக்கும்வரை பூங்கா மட்டும் என்ன செய்யும்? ஆகவே நீர் ஏறும் நேரம் கேட்டுக்கொண்டு, காலையிலேயே போங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். ஐந்துக்கு நான்கு தருகிறேன். அந்த வக்காவுக்கு ஐந்து.