இருபது வாட் ஆம்ப்ளிஃபயரும் கோத்தகிரியின் இரவும்: என்.ஏ.டி. 3020

ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் பாட்டு ஒலிப்பது என்.ஏ.டி. 3020 என்ற ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் வழியாகத்தான். என்.ஏ.டி. என்பது 1972-இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். எரிக் எட்வர்ட்சன் என்ற நார்வே நாட்டுப் பொறியாளர் வடிவமைத்த இந்த 3020 வெளிவந்த ஆண்டு 1978. பெரிய பணம் இல்லாதவர்களும் நல்ல ஒலியைக் கேட்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, முகப்பில் அலுமினியப் பளபளப்போ கனத்த குமிழ்களோ இல்லாமல், தைவானில் குறைந்த செலவில் தயாரித்து விற்றார்கள். ஆம்ப்ளிஃபயர்களின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் குறைந்த விலையில் நல்ல ஒலி தந்த கருவி என்று இன்றும் இதன் பெயரை விடாமல் சொல்வதால், எவ்வளவு தூரம் அது உண்மை என்பதை, நான் வாழும் நீலகிரி மலையூரான கோத்தகிரியின் சூழலில் வைத்து எழுதிப் பார்க்க விரும்புகிறேன்.

இது என் கைக்கு வந்த வழி நீலகிரிக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது, பங்களாவிலிருந்து எடுத்துச்செல்ல முடியாத மேசை, அலமாரி, புத்தகம் எல்லாவற்றையும் தோட்டத்து அலுவலர்களுக்கே விலைபோட்டுக் கொடுத்துவிடுவார்கள். என் அப்பா அத்தகைய ஒரு தோட்டத்தின் ஃபேக்டரியில் எழுத்தராக இருந்தார். இந்த ஆம்ப்ளிஃபயரையும் ஒரு டர்ன்டேபிளையும், இருபதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளையும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தார். ஸ்விட்சைப் போட்டபோது ஓசை வந்தது. ஆனால் அதனுடன் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் வந்தது. நாற்பது ஆண்டு கடந்த கருவிகளில், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் பெரும்பாலும் உலர்ந்துபோயிருக்கும். கோயம்புத்தூரில் பழைய ஆடியோ கருவிகளை மட்டுமே பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கப்பாசிட்டர்களை மாற்றி, குமிழ்களுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து காட்டியபோது, "உள்ளே இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் 2என்3055, எந்தக் கடையிலும் கிடைக்கும் தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். இந்தக் கருவி இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

இனி வாட்டுக் கணக்கு. பெட்டியின் மேல் எழுதியிருப்பது சேனலுக்கு இருபது வாட் மட்டுமே. ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று அச்சிட்ட அட்டைப்பெட்டிகளைக் கடைகளில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இருபது என்பது ஒரு பொம்மையின் அளவாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பி.எம்.பி.ஓ. என்பது எந்த ஒழுங்கான அளவுமுறைக்கும் கட்டுப்படாத விளம்பர எண். இந்த இருபதோ, எட்டு ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஸ்பீக்கரில் இரண்டு சேனல்களும் ஒருசேர ஓடும்போது இடைவிடாது தரக்கூடிய அளவு. கண நேரத்துக்குத் தேவைப்படும்போது இதே கருவி எட்டு ஓமில் 40 வாட், நான்கு ஓமில் 58, இரண்டு ஓமில் 72 வாட் வரை கொடுக்கும் என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. மிருதங்கத்தின் ஒரு தட்டு கண நேரத்தில் எழுந்து அடங்குவது என்பதால், இடைவிடாத எண்ணைவிட இந்த இரண்டாவது எண்ணே கச்சேரி கேட்பவருக்கு முக்கியம்.

உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதையும் கணக்கிட்டேன். என் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் தருபவை. பெரிய திறமைசாலிகள் அல்ல, நடுத்தரம். நான் உட்காருவது இரண்டரை மீட்டர் தள்ளி. தூரத்தால் குறைவதையும் இரண்டு பெட்டிகள் சேர்வதால் கூடுவதையும் கழித்துக் கூட்டினால், ஒரு வாட்டுக்கு என் காதில் எண்பது டெசிபெலுக்குச் சற்று மேல் விழும். அப்பா தூங்கிய பிறகு நான் கேட்பது அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்ட அளவு. இருபது டெசிபெல் குறைவு என்றால் நூறில் ஒரு பங்கு சக்தி. அதாவது ஒரு வாட்டின் நூறிலொரு பாகத்தில் நான் ஆலாபனை கேட்கிறேன். முகப்பில் வெளிவரும் சக்தியைக் காட்ட ஐந்து சிறு விளக்குகள் உண்டு, முதலாவது எரிய ஒரு வாட் தேவை. பல இரவுகளில் அது ஒருமுறைகூட எரிவதில்லை. இருபதுக்குப் பதில் நாற்பது வாட் வாங்கியிருந்தாலும் கிடைப்பது மூன்று டெசிபெல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு உரக்கத் தோன்றவேண்டுமானால் சக்தி பத்து மடங்காக வேண்டும்.

எனவே இந்த ஊரில் ஓர் ஆம்ப்ளிஃபயரிடம் நான் எதிர்பார்ப்பது உரத்த ஒலியை அல்ல, அமைதியை. கடைசிப் பேருந்து போய், மூடுபனி இறங்கி, பக்கத்துத் தோட்டத்தில் காட்டெருமை புல் மேய்வதுகூடக் கேட்கும் இரவுகளில், கருவியின் சொந்த இரைச்சல் சமவெளியில் இருப்பதைவிடப் பலமடங்கு துலக்கமாகத் தெரியும். இதற்கு முன் வைத்திருந்த வேறொரு ஆம்ப்ளிஃபயரில் பாட்டு நின்றதும் மழைத்தூறல் போல ஒரு சீற்றம் அறை முழுதும் பரவும். சென்னையில் மின்விசிறிக்கு அடியில் கேட்டிருந்தால் நான் அதைக் கண்டுபிடித்தே இருக்கமாட்டேன். 3020-இல், மேல்சுருதிகளை ஒலிக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு ஒரு சாண் அருகில் காதை வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. தம்பூராவின் கடைசித் தந்தி மீட்டி ஓய்ந்து, அந்த ஓய்வுக்குள் இன்னும் கொஞ்சம் ஒலி மிஞ்சியிருப்பதைக் கேட்கமுடிவது இதனால்தான்.

குறைந்த ஒலியளவில் கேட்பவர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு. ஒலி குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த சுருதிகளை விகிதத்துக்கு மீறிக் குறைவாகவே கேட்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை வரைகோடுகளாகவே வெளியிட்டார்கள். இந்தக் கருவியில் உள்ள லவுட்னஸ் பொத்தான் அந்தக் குறையை ஈடுசெய்வதற்கானது. ஹை-ஃபை ஆர்வலர்கள் பலர் அதைத் தொடுவதே பாவம் என்பார்கள். நான் அதை இரவில் அழுத்தியும் பகலில் விடுவித்தும் வைக்கிறேன். அழுத்தாவிட்டால் தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போகிறது.

ஒலியின் தன்மையைச் சொல்லவேண்டுமானால், இது முன்னால் வந்து நின்று கவனத்தைக் கோரும் கருவி அல்ல. மேல்சுருதிகளில் பளிச்சென்ற மினுமினுப்பு குறைவு. நடுப்பகுதி, அதாவது மனிதக் குரலும் வயலினும் வாழும் பகுதி, நிறைவாகவும் சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. நாதஸ்வரத்தில் இதன் அருமை நன்றாகத் தெரிந்தது. தோடி ஆலாபனையில் சீவாளி மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது பல மலிவுக் கருவிகள் திணறிக் கரகரக்கும். இதிலோ குரல் அகன்று நிற்கிறதே தவிரக் கிழிவதில்லை. பின்பக்கத்தில் 'சாஃப்ட் கிளிப்பிங்' என்ற ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. எல்லை மீறும்போது அலையின் முனையைக் கத்தியால் வெட்டியதுபோல் வெட்டாமல் மெல்ல வளைத்துவிடுவது அதன் வேலை. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ஊர்த் திருவிழாவில் குழலையும் பறைகளையும் பத்தடி தூரத்தில் நின்று கேட்ட காதோடு வீட்டுக்கு வந்து இந்தக் கருவியைப் போட்டால், தோலின் இறுக்கமும் அதிர்வும் அவ்வளவும் வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எந்த இருபது வாட்டும், என் அளவிலான ஸ்பீக்கரும், அதைத் தந்துவிட முடியாது.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு இதன் போனோ உள்ளீடுதான் பெரிய பரிசு. தட்டின் ஊசியிலிருந்து வருவது ஐந்து மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மின்சாரம். அதுவும், தட்டை வெட்டும்போது தாழ்சுருதியைக் குறைத்தும் மேல்சுருதியைக் கூட்டியும் பதிந்திருப்பதால், திரும்ப நேராக்கித் தரவேண்டும். இந்த வேலையைத் தனிப்பெட்டி வாங்காமலேயே இவ்வளவு சுத்தமாகச் செய்வதை நான் எதிர்பார்க்கவில்லை. மலைவீட்டில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. எங்கள் வீட்டின் தளம் மரப்பலகை. யாராவது நடந்தால் பாட்டே இல்லாத இடத்திலும் முகப்பு விளக்கு ஒன்று மின்னி அணையும், ஸ்பீக்கரின் கூம்பு உள்ளும் புறமும் அசையும். டர்ன்டேபிளை மேசையிலிருந்து எடுத்துச் சுவரில் அடித்த பலகைக்கு மாற்றிய அன்றே அது நின்றது.

கைப்பேசியிலிருந்து கேட்பதற்கு, டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் ஒரு சிறிய டாக் (DAC) வாங்கி, வெளிக்கருவிகளுக்கான ஆக்ஸ் உள்ளீட்டில் செருகியிருக்கிறேன். இங்கே ஒரு எச்சரிக்கை. அக்காலத்து உள்ளீடுகள் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட்டிலேயே முழுச் சக்தியை எட்டுபவை. இன்றைய டாக்குகளோ இரண்டு வோல்ட் வரை தருகின்றன. ஒலிக்குமிழை மயிரிழை திருப்பினாலே வீடு அதிரும், அந்த மிகத் தாழ்ந்த நிலையில் எந்தக் குமிழிலும் இடமும் வலமும் சமமாக இருப்பதில்லை. கைப்பேசியின் அளவைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்த பிறகு குமிழைத் தாராளமாகத் திருப்ப முடிகிறது, இரு பக்கமும் ஒத்து நிற்கின்றன.

ஈரத்தைப் பற்றிச் சொல்லாமல் நீலகிரியில் எந்த மின்கருவியைப் பற்றியும் எழுதமுடியாது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தடுப்பதால் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் சற்று மெலிந்தே வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குப் பெருமழை. வாங்கிய இரண்டாம் ஆண்டு அந்த மழையில் ஒரு நாள் இடப்பக்கம் திடீரென்று மௌனமாகியது. டிரான்சிஸ்டர் போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் உறக்கமில்லை. பின்பக்கத்தில் முன்-ஆம்ப்ளிஃபயரையும் பவர் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் ப வடிவ உலோகத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றை உருவிப் பார்த்தால் பச்சையும் கறுப்புமாகக் களிம்பு பிடித்திருந்தது. குற்றம் எங்கள் மழையுடையது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் செருகியதும் குரல் திரும்பியது. இப்போது மழை மாதங்களில் பகலில் ஒரு மணி நேரமாவது கருவியை ஓட்டுகிறேன். அதன் சொந்தச் சூடே அதை உலர்த்திவிடுகிறது.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். மரம் விழுந்து கம்பி அறுபடும் ஊரில் இன்வர்ட்டர் இல்லாமல் முடியாது. ஆனால் சதுர அலை தரும் மலிவு இன்வர்ட்டரில் இதன் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது. சைன் அலை தருவதில் உறுமவில்லை. தகரக்கூரையில் மழை பலக்கும் நேரத்திலோ, இருபது வாட்டும் போதாது, இருநூறும் போதாது. கருவியை அணைத்துவிட்டு மழையையே கேட்கலாம்.

பெரிய கூடம் உள்ளவர்களுக்கும் டி.வி.யை நேராக இணைக்க நினைப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல, ரிமோட்டும் கிடையாது. டிஜிட்டல் உள்ளீடு வேண்டுவோருக்காக 2013-இல் அதே நிறுவனம் டி 3020 என்ற வேறொரு சிறு கருவியைக் கொண்டுவந்தது. பழையதையே தேடி வாங்குபவர்கள், ஸ்பீக்கரை இணைப்பதற்கு முன் அதன் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து டி.சி. மின்னழுத்தம் ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். போனோவில் இரண்டு பக்கமும் ஒலிக்கிறதா, பின்னால் ப வடிவத் துண்டுகள் நான்கு முனையிலும் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அவை இல்லாத பெட்டிகளை விற்கிறார்கள். அவை இல்லாமல் ஓசை வராது. எங்களுடையதை ஐப்பசிக்கு முன் இன்னொருமுறை துடைத்துவிட வேண்டும்.