ஐ-751 முடியட்டும் என்று இருப்பதா, என்-400 போட்டுவிடுவதா?

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்து இரண்டு வருஷக் கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு, மூன்றாவது வருஷம் நெருங்கும்போது இந்தக் கேள்வி வந்தே தீரும். கல்யாணம் நிஜம்தான் என்று காட்டி, கார்டின் இரண்டு வருஷக் கண்டிஷனை எடுக்கச் சொல்லிப் போட்ட ஐ-751 மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அதற்குள் குடியுரிமைக்குப் போடும் தகுதி வந்துவிட்டது. பத்து வருஷக் கார்டு கைக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்று இருப்பதா, ஐ-751 நிலுவையில் இருக்கும்போதே குடியுரிமை விண்ணப்பமான என்-400-ஐயும் போட்டுவிடுவதா? நான் இரண்டாவதைச் செய்தேன். யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், சில பேரைத் தவிர. அவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். என்-400-க்கு ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் போட்டால் 760. இன்று கட்டினாலும் இரண்டு வருஷம் கழித்துக் கட்டினாலும் கட்டத்தான் வேண்டும். பொறுத்திருந்து மிச்சம் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

தேதிக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு வருஷக் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட வேண்டும். என்-400-க்கு, கணவனோ மனைவியோ குடிமகனாக இருந்து இருவரும் ஒன்றாக வாழ்ந்துவந்தால், மூன்று வருஷம். அது கார்டில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று போட்டிருக்கும் தேதியிலிருந்து ஓடும். கண்டிஷனல் காலமும் சேர்த்திதான். மூன்று வருஷம் முடிய 90 நாள் இருக்கும்போதே போடலாம். ஆனால் இந்த 90 நாள் சலுகை கிரீன் கார்டு காலத்துக்கு மட்டும்தான். போடும் நாளில் மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், துணைவர் குடிமகனாகியும் மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சிட்டிசன் ஆன ஐடி மாப்பிள்ளைகளின் வீட்டில் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். இதோடு, அந்த மூன்று வருஷத்தில் 18 மாதமாவது அமெரிக்காவுக்குள் இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கியவர்கள் பாஸ்போர்ட் முத்திரைகளை எடுத்து வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அது தனிச் சிக்கல்.

ஆக, ஐ-751 போட்டதற்கும் என்-400 போடத் தகுதி வருவதற்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். அந்த ஒரு வருஷத்தில் ஐ-751 முடிந்தவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை.

முடியாதவர்கள் ஒன்றும் அந்தரத்தில் தொங்குவதில்லை. ஐ-751 ரசீதோடு வரும் எக்ஸ்டென்ஷன் லெட்டர், 2023 ஜனவரியிலிருந்து, காலாவதியான கார்டுக்கு 48 மாதம் உயிர் கொடுக்கிறது. வேலை பார்க்கலாம், வெளிநாடு போய் வரலாம். சட்டப்படி குறையே இல்லை. குறை கவுன்டரில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் செக்-இன் செய்த பெண் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இது எக்ஸ்பயர் ஆயிடுச்சே" என்றார். லெட்டரை நீட்டி, 48 மாதம் என்று எழுதியிருந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட, சூப்பர்வைசர் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் போர்டிங் பாஸ் வந்தது. அதற்குள் வரிசையில் பின்னால் நின்றவர், "ஏதோ விசா பிரச்சினை போலிருக்கு" என்று மனைவியிடம் விளக்கம் கொடுத்து முடித்திருந்தார். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனாலும், வேலை மாறினாலும் அதே லெட்டர், அதே விளக்கம். இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் முடிவெடுத்தது இதற்காக இல்லை.

முடிவெடுக்க வைத்தது கெடு. ஐ-751-ஐ நேரில் கூப்பிடாமல், காகிதத்தை மட்டும் பார்த்தே முடிக்க முடியும். அதனாலேயே அது ஏதோ ஒரு மையத்தில் கட்டோடு கட்டாகக் கிடக்கும். இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் நீ நேரே கோர்ட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் பிரிவு அதற்குக் கிடையாது. பொதுவான தாமத வழக்கு போடலாம்தான். ஆனால் எவ்வளவு நாள் ஆனால் அது தாமதம் என்பதையே வாதாடி நிறுவ வேண்டும். என்-400-க்குச் சட்டத்திலேயே கெடு எழுதியிருக்கிறது. இன்டர்வியூ முடிந்து 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதி தானே முடிவு செய்யலாம், அல்லது உத்தரவோடு திருப்பி அனுப்பலாம். இன்னொன்று, ஐ-751-ஐத் தீர்க்காமல் என்-400-க்குச் சரி சொல்ல முடியாது. எனவே என்-400 அதிகாரியின் மேசைக்கு வரும்போது பழைய கோப்பும் கூடவே வந்தாக வேண்டும். தாலுகா ஆபீஸில் தூங்கும் பட்டா மனு, வங்கிக் கடனுக்காக யாரோ வந்து கேட்டதும் எழுந்து உட்காருமே, அந்தக் கதைதான். கெடு இல்லாத மனுவைக் கெடு உள்ள மனுவோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

ஒரு நிபந்தனை: 120 நாள் ஓடத் தொடங்குவது இன்டர்வியூவுக்குப் பிறகுதான். இன்டர்வியூவுக்கே எப்போது கூப்பிடுவார்கள் என்பதற்குக் கெடு இல்லை. அது ஊருக்கு ஊர் மாறும். எனக்குத் தெரிந்தது நியூஜெர்சி மட்டும்.

இன்டர்வியூவில் இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது சகஜம். அழைப்புக் கடிதத்தில் என்-400 மட்டும் இருந்தாலும் துணைவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். என்னிடம் ஆங்கிலம் படிக்க, எழுதச் சொல்லி, குடிமையியல் கேள்விகளையும் முடித்துவிட்டு, அதிகாரி அடுத்த கோப்பைத் திறந்தார். வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். நம் வீடுகளில் கரன்ட் பில், வாடகை எல்லாம் ஆண் பெயரில்தான் இருக்கும். அதிகாரி விசாரித்ததும் அதைப் பற்றித்தான். கல்யாண ஆல்பத்தை நாலு பக்கம் புரட்டி மூடி வைத்துவிட்டார். சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கின் டிரான்ஸ்கிரிப்டையும் ஜாயின்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்டையும்தான் நிதானமாகப் பார்த்தார். ஐ-751-ஓடு அனுப்பியது பழையதாகியிருக்கும். அதற்குப் பிறகான மாதங்களுக்குப் புதிதாக எடுத்துக்கொண்டு போக வேண்டும். குடிமையியல் தேர்வும் இப்போது கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 20 முதல் என்-400 போட்டவர்களுக்கு 128 கேள்விகளிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். முன்பு 100-லிருந்து 10, அதில் 6 போதும்.

இனி, காத்திருக்க வேண்டியவர்கள். என்-400 போட்டால் கிரீன் கார்டு வாங்கிய நாள்வரை போய் முழுக் கோப்பையும் மறுபடி பார்ப்பார்கள். கைது, கோர்ட் வழக்கு, வரி பாக்கி, பழைய விண்ணப்பத்தில் முன்னுக்குப் பின் முரணான தகவல் என்று எது இருந்தாலும் வக்கீலைப் பார்க்காமல் போடாதீர்கள். ஐ-751 மறுக்கப்பட்டால் என்-400-ம் அதோடு போகும், வெளியேற்ற வழக்கு வரை இழுக்கும். கல்யாணம் ஆட்டம் காண்கிற வீட்டிலும் இந்த வழி வேண்டாம். மூன்று வருஷ விதியில் போட்டவர் சத்தியப் பிரமாணம் எடுக்கும் நாள்வரை அதே கல்யாணத்தில் இருந்தாக வேண்டும். முன்னாலேயே விவாகரத்து ஆனால் ஐந்து வருஷ விதிக்குத்தான் போக வேண்டும். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. துணைவரின் கையெழுத்து இல்லாமல் வெய்வரில் ஐ-751 போட்டவர்களோடு எனக்குப் பழக்கம் இல்லை, அவர்களுக்கு இதில் எதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வகை, இந்தியக் குடியுரிமையை விட மனம் வராதவர்கள். 1955-ஆம் வருஷ இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, நாமே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கலாம், ஆனால் ஓட்டு கிடையாது, புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வரும் நிலத்துக்குத் தடை இல்லை. தோட்டம் வாங்கும் ஆசை உள்ளவர்கள் பத்து வருஷக் கார்டோடு நிறுத்திக்கொள்வதில் தப்பே இல்லை. மறுபக்கம், அப்பா அம்மாவை வருஷக் கணக்கான வரிசை இல்லாமல் கிரீன் கார்டில் அழைக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான்.

ஊரில் உடம்பு முடியாத பெற்றோர் இருந்தால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். பிரமாணம் எடுக்கும் இடத்திலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டையும் அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்து, இந்தியாவுக்கு விசாவோ ஓசிஐயோ கிடைக்கும்வரை பயணம் முடியாது. அன்றைக்கே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, 60 டாலர் கூடுதலாகக் கட்டி, சீக்கிரம் தரும் எக்ஸ்பெடைட் சேவையைக் கேளுங்கள். பிரமாணத்துக்குப் பிறகு தரும் குடியுரிமைச் சான்றான நேச்சுரலைசேஷன் சர்ட்டிஃபிகேட்டின் அசலைப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் முதலில் நல்ல நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.