கன்னடம் பேசும் கொங்கு வீட்டில் சாகித்திய அகாதெமி நூல்கள்: ஒரு நெடுங்கால வாசகரின் அனுபவம்

சாகித்திய அகாதெமி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கொரு முறை வரும் விருது அறிவிப்பும், அதையொட்டிச் சில நாட்கள் நடக்கும் வாக்குவாதமும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் எழுத வந்தது விருதைப் பற்றியன்று. அந்நிறுவனம் வெளியிடும் நூல்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாங்கியும் படித்தும் பிறருக்குக் கொடுத்தும் வருகிற ஒரு தமிழாசிரியனின் அனுபவம் இது. புஞ்சைப் புளியம்பட்டிப் பக்கத்தில் தறி நெய்து பிழைத்த தேவாங்கர் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசுவது கன்னடம், பள்ளியில் படித்தது தமிழ். சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலையேறினால் அந்தப் பக்கம் சாமராஜநகர் வந்துவிடும் என்றாலும், கன்னட எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இருந்ததில்லை. தாய்மொழியின் இலக்கியத்தை இன்னொரு மொழியின் வழியாக மட்டுமே படிக்க முடிகிற என்போன்றோர் கொங்கு நாட்டில் குறைவானவர்கள் அல்லர். கோவையிலும் திருப்பூரிலும் தெலுங்கு பேசும் வீடுகளின் நிலையும் பெரும்பாலும் இதுதான்.

அகாதெமி 1954 மார்ச் 12 அன்று தொடங்கப்பட்டு, 1956இல் சங்கமாகப் பதிவு பெற்றது. நடுவண் அரசின் நிதியில் இயங்கினாலும் தன்னாட்சி உடைய அமைப்பு. நேரு அதன் முதல் தலைவராக 1964 வரை இருந்தார். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளோடு ஆங்கிலத்தையும் ராஜஸ்தானியையும் சேர்த்து 24 மொழிகளில் அது பணியாற்றுகிறது. ஒவ்வொரு மொழிக்கும் தனியே ஓர் ஆலோசனைக் குழு உண்டு. இந்த ஏற்பாட்டால் வாசகனுக்குக் கிடைக்கும் பயன், ஒடியாவிலிருந்தோ அசாமியிலிருந்தோ ஒரு நாவல், விற்குமா விற்காதா என்ற கணக்கைக் கடந்து, தமிழுக்கு வந்து சேர்வதாகும். தனியார் பதிப்பகம் ஒன்று அத்தகைய நூல்களை ஆண்டுதோறும் போட்டுக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

எனக்கு மிகுதியும் பயன்பட்டவை கன்னட நாவல்களே. சிவராம காரந்த் 1941இல் எழுதிய ‘மரளி மண்ணிகெ’, ‘மண்ணும் மனிதரும்’ என்ற பெயரில் அகாதெமி வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. தென்கன்னடக் கடற்கரையில் ஒரு புறம் உப்புநீரும் மறுபுறம் ஆறும் நெருக்கும் ஒரு சிற்றூரில், ஒரு பிராமணக் குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் வாழ்ந்து தேய்ந்து மீளும் கதை அது. மகனைப் படிக்க வைக்கிறார்கள். படிப்பு அவனை மண்ணிலிருந்து பிரிக்கிறது. பேரன் திரும்பி வருகிறான். ஆனால் நாவலின் பாரம் முழுவதையும் சுமப்பவர்கள் அவ்வீட்டுப் பெண்கள். வயலிலும் சமையலறையிலும் அவர்கள் செய்யும் வேலையைக் காரந்த் அளவுக்குப் பொறுமையாக எழுதிய ஆண் எழுத்தாளர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்நூலைத் தமிழில் வாசிக்கக் கேட்ட என் தாயார், பாத்திரங்களின் பெயர்களையும் உறவுமுறைகளையும் மட்டும் எங்கள் வீட்டுக் கன்னடத்தில் திருத்திச் சொல்லிக்கொண்டே வருவார். எங்கள் வாசகர் வட்டத்தில் மஞ்சள் விவசாயம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் படித்து முடித்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “ஏனுங்க வாத்தியாரே, கடலோரத்துக் கதைன்னாலும் பண்ணையம் பாக்கறவன் படற பாடு நம்மூராட்டவே இருக்குதுங்க.”

எஸ். எல். பைரப்பாவின் ‘பருவ’ நாவலைப் பாவண்ணன் ‘பருவம்’ என்று தமிழாக்கினார். அதற்காக அவருக்கு 2005ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு விருது கிடைத்தது. மகாபாரதத்திலிருந்து வரங்களையும் சாபங்களையும் அற்புதங்களையும் அகற்றிவிட்டு, போருக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று அது விரிவாக ஆராய்கிறது. இரவெல்லாம் உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்த எங்கள் பகுதி ஆட்களுக்கு, தெய்வம் இறங்காத மகாபாரதம் தொடக்கத்தில் உப்புச் சப்பில்லாததாகத் தோன்றக்கூடும். நூறு பக்கங்களைக் கடந்தபின் அந்த எண்ணம் மாறிவிடுகிறது என்பது என் அனுபவம். இருப்பினும் பருமனான நூல். விடுமுறையில் தொடங்குவது நல்லது.

மொழிபெயர்ப்புகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வந்தது, அடுத்த ஆண்டே அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தை 1962இல் அகாதெமி வெளியிட்டது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்த நடை பழசாகவில்லை. அதே காலத்து வேறு சில மொழிபெயர்ப்புகளிலோ, ஏர் ஓட்டுகிறவரும் மாஜிஸ்திரேட்டும் ஒரே பாடநூல் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். வாங்குவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்வதுண்டு. முன்பக்கங்களைப் புரட்டி, மூல மொழியிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலத்தையோ இந்தியையோ சுற்றிக்கொண்டு வந்ததா என்று பார்ப்பேன். பிறகு நடுவில் எங்காவது ஓர் உரையாடலை மட்டும் படிப்பேன். அவ்விரண்டிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும்.

நாவல்களுக்கு அடுத்தபடியாக நான் சொல்ல விரும்புவது ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசையை. பெரும்பாலும் நூறு பக்கங்களை ஒட்டிய, சட்டைப்பைக்குக் கனமில்லாத சிறு நூல்கள் இவை. இவ்வரிசை நூல்களில் இடம்பெறும் சிற்பப் படத்தைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள்: புத்தரின் தாய் மாயாதேவி கண்ட கனவுக்குச் சுத்தோதன மன்னர் முன் மூன்று நிமித்திகர்கள் பொருள் சொல்ல, கீழே ஒருவர் அமர்ந்து அதை எழுதிக்கொள்கிறார். நாகார்ச்சுனகொண்டாவைச் சேர்ந்த, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சிற்பம் அது. எழுதும் தொழிலைக் காட்டும் மிகப் பழைய இந்தியச் சிற்பங்களில் ஒன்றை இந்த வரிசைக்குத் தேர்ந்தவரின் ரசனையை நான் இன்றும் மெச்சுகிறேன். உள்ளடக்கம் அந்தந்த ஆசிரியரைப் பொறுத்தது: சிலர் விமரிசனம் எழுதுகிறார்கள், சிலர் பாராட்டு மடல் வாசிக்கிறார்கள். கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரத்தைப் பற்றி இவ்வரிசையில் வந்த நூலைக் கொங்கு வட்டார நாவலில் நாட்டமுள்ளவர்கள் கட்டாயம் படிக்கலாம். 1942இல் வெளிவந்த அவருடைய ‘நாகம்மாள்’, நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு கைம்பெண்ணை மையமாக வைத்தது. வட்டாரப் பேச்சைத் தயக்கமின்றி நாவலுக்குள் கொண்டுவந்தது.

புத்தகக் கண்காட்சிகளில் பலர் குழப்பிக்கொள்கிற ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, ‘அக்னி நதி’ போன்ற புகழ்பெற்ற மொழிபெயர்ப்புகள் அகாதெமியின் வெளியீடுகள் அல்ல. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட்டின் வெளியீடுகள். இரண்டும் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட பொது நிறுவனங்கள் என்பதால் ஒன்றின் பட்டியலில் மற்றதைத் தேடி ஏமாறுபவர்கள் உண்டு.

விருதை முழுவதும் தவிர்த்துவிட முடியாது. தமிழுக்கான முதல் விருது 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்ப’த்துக்குக் கிடைத்தது. கல்கிக்கும் பாரதிதாசனுக்கும் அவர்கள் மறைந்த பின்னரே கிடைத்தது. ‘நாகம்மாள்’ ஆசிரியருக்கு அது வரவே இல்லை; ‘செம்மீ’னைத் தமிழுக்குத் தந்த சுந்தர ராமசாமிக்கும் வரவில்லை. ஆகவே விருதுப் பட்டியலை வாசிப்புப் பட்டியலாகக் கொள்பவர்கள் தமிழ் உரைநடையின் பெரும் பகுதியைத் தவறவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் கவிஞர் சிற்பி 2003இல் ‘ஒரு கிராமத்து நதி’க்கும், கோவையில் வாழும் நாஞ்சில் நாடன் 2010இல் ‘சூடிய பூ சூடற்க’வுக்கும், தேவிபாரதி 2023இல் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலுக்கும் பெற்றார்கள். இவற்றில் கடைசியாகச் சொன்னதை யாருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களின் வாழ்வை அவ்வளவு நெருக்கமாக எழுதிய நாவல் வேறொன்று என் நினைவில் இல்லை. என்னைக் கேட்டால், முதன்மை விருதைக் காட்டிலும் 1989இல் ஏற்படுத்தப்பட்ட மொழிபெயர்ப்பு விருதின் பட்டியலே வாசகனுக்கு நம்பகமான வழிகாட்டி. அது அகாதெமியின் சொந்த வெளியீடுகளுக்கு மட்டும் உரியதன்று. 2022ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற ‘யாத் வஷேம்’, நேமிசந்த்ராவின் கன்னட நாவலைக் கே. நல்லதம்பி தமிழாக்கியது, வெளியிட்டது பொள்ளாச்சியிலிருந்து இயங்கும் எதிர் வெளியீடு.

2015ஆம் ஆண்டைப் பேசாமல் கடப்பது நேர்மையாகாது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் திருச்செங்கோட்டில் எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நேர்ந்த நெருக்கடி கொங்கு நாட்டவர் அனைவரும் அறிந்ததே. ஆகஸ்ட் 30 அன்று கன்னட அறிஞர் எம். எம். கல்புர்கி தார்வாடில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அகாதெமியின் விருதைப் பெற்றவர். இக்கொலையைக் குறித்து அகாதெமி மௌனம் காத்ததைக் கண்டித்து எழுத்தாளர்கள் பலர் தங்கள் விருதுகளைத் திருப்பி அளித்த பிறகு, அக்டோபர் 23 அன்று அகாதெமியின் செயற்குழு கூடிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அது முன்னமே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக ‘மண்ணும் மனிதரு’மைப் படிப்பதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு 1957 முதல் வெளிவரும் ‘இந்தியன் லிட்டரேச்சர்’ இருமாத இதழ் இருக்கிறது. மற்ற மொழிகளில் என்ன நடக்கிறது என்று அறிய உதவும், ஆனால் கவிதை மொழிபெயர்ப்புகளை நான் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். நூல்களைப் பொறுத்தவரை விலை குறைவு என்பது பெரிய வசதி. தாளும் கட்டமைப்பும் அந்த விலைக்குத் தக்கவை, மேலானவை என்று சொல்ல இயலாது. சென்னை அலுவலகம் வரை போக இயலாதவர்கள், ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் கோவை கொடிசியா வளாகத்துப் புத்தகத் திருவிழாவிலும் அகாதெமி நூல்கள் வைத்திருக்கும் அரங்குகளைத் தேடிப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குபவர் முதலில் ‘செம்மீ’னையும் ஒரு சிற்பிகள் நூலையும் வாங்கட்டும், அடுத்து காரந்தை எடுக்கட்டும், ‘பருவ’த்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.