பிழைச் செய்தியை எங்கே எழுதுவது? ஸாட், யப், ஜோய் – ஓர் ஒப்பீடு

படிவத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியவரின் கண்ணில் படுவது நாம் பார்த்துப் பார்த்து எழுதிய ஸ்கீமா, அதாவது தரவு எப்படி இருக்க வேண்டும் என்னும் விதிகளின் தொகுப்பு, அன்று. அந்தக் கட்டத்துக்குக் கீழே தோன்றும் ஒற்றை வரிதான். தரவைச் சரிபார்க்கும் ஸாட், யப், ஜோய் ஆகிய மூன்று ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளும் அந்த வரியை மாற்றிக்கொள்ள வழி தருகின்றன. எனினும் செய்தி எந்த இடத்தில், எந்த நேரத்தில் உருவாகிறது என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன. பல மொழிகளில் இயங்க வேண்டிய செயலிக்கு இதுவே முதன்மையான கேள்வி என்பது என் கருத்து.

ஸாடிலும் யப்பிலும் 'மின்' (குறைந்தபட்ச அளவு) போன்ற விதியின் இரண்டாம் அளவுருவாகச் செய்தியை நேரடியாகத் தந்துவிடலாம். சிறிய படிவத்துக்கு இதைவிட எளிய வழி தேவையில்லை. ஜோய் அவ்வாறு செய்வதில்லை: அதில் ஒவ்வொரு பிழைக்கும் 'ஸ்ட்ரிங்.மின்', 'எனி.ரெக்வயர்ட்' என ஒரு குறியீடு உண்டு. 'மெசேஜஸ்' என்னும் மெத்தடில் குறியீட்டுக்கு எதிரே செய்தியை எழுத வேண்டும். தொடக்கத்தில் இது சுற்றுவழியாகத் தோன்றினாலும், விதியும் வாசகமும் பிரிந்து நிற்பதால் வாசகங்களை மட்டும் தனிக் கோப்பில் வைத்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்க முடிகிறது.

ஸாட் 3-இல் தனிப்பயன் செய்திக்குப் பல வாயில்கள் இருந்தன: கட்டாயப் புலத்துக்கு (நிரப்பியே ஆக வேண்டிய கட்டத்துக்கு) ஒன்று, தவறான தரவு வகைக்கு ஒன்று, எல்லாவற்றையும் கையாள 'எரர்மேப்' என்னும் ஃபங்ஷன் ஒன்று. 2025-இல் வந்த ஸாட் 4 இவற்றை 'எரர்' என்னும் ஒரே அளவுருவில் சேர்த்துவிட்டது. அதற்குச் சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) தரலாம், பிழையின் விவரங்களைப் பெற்றுச் செய்தியைத் திருப்பித் தரும் ஃபங்ஷனையும் தரலாம். பழைய பதிப்பிலிருந்து மாறுவோர் கவனிக்க வேண்டிய மாற்றம் இன்னொன்று: முன்பு தரவைச் சரிபார்க்கும் 'பார்ஸ்' அழைப்பின்போது தரும் எரர்மேப், ஸ்கீமாவில் எழுதிய எரர்மேப்பை வென்றது, இப்போது ஸ்கீமாவில் எழுதியதே வெல்லும். இதை அறியாமல் மாற்றினால் நிரல் முறியாது. செய்தி மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். மொழிக்கோப்புகளும் ஸாட் 4-உடனேயே வருகின்றன, தமிழுக்கும் ஒன்று உண்டு.

யப்பில் பொதுச் செய்திகளை 'செட்லோக்கேல்' கொண்டு மாற்றலாம். ஆனால் ஸ்கீமாவை உருவாக்கும் நொடியிலேயே இயல்புச் செய்தி அதனுடன் ஒட்டிக்கொள்கிறது; ஆகவே செட்லோக்கேலை அதற்கு முன்பே அழைத்தாக வேண்டும், பயனர் இடையில் மொழியை மாற்றினால் ஏற்கெனவே உருவான ஸ்கீமா பழைய மொழியிலேயே பேசும். இதற்கு நல்ல தீர்வு, செய்திக்குப் பதிலாக ஒரு திறவுச்சொல்லும் அதற்குரிய எண்களும் கொண்ட ஆப்ஜெக்டைத் திருப்பித் தருவது. வாசகத்தைத் திரையில் காட்டும்போது அமைத்துக்கொள்ளலாம்.

வார்ப்புருச் செய்திகளில் (இடைவெளி விட்டு முன்கூட்டியே எழுதிய வாசகங்களில்) யப்பும் ஜோயும் புலத்தின் பெயரை இடையில் செருகுகின்றன. ஆங்கிலத்துக்கு இது பொருந்தும். தமிழில் 'பெயர்' என்பது 'பெயரை' என்றும், 'முகவரி' என்பது 'முகவரியை' என்றும், 'நகரம்' என்பது 'நகரத்தை' என்றும் திரிவதால், ஒரே வார்ப்புருவில் வேற்றுமை உருபை ஒட்டவே முடியாது. புலப்பெயரை எழுவாயாக மட்டும் நிறுத்தி, "நகரம்: கட்டாயம் நிரப்ப வேண்டும்" என்பதுபோல் அமைத்தால் தப்பலாம். ஜோய் இயல்பாகப் புலப்பெயரை மேற்கோள்குறிக்குள் வைப்பதையும் அமைப்பில் நிறுத்திவிடுவது நல்லது.

பலரும் தடுமாறும் இடம் வெற்றுச் சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத சரம். நிரப்பாத உரைக்கட்டம் பொதுவாக வெற்றுச் சரத்தையே அனுப்பும். ஸாடின் சர வகை அதை ஏற்றுக்கொள்வதால், கட்டாயப் புலத்துக்கென எழுதிய செய்தி தோன்றவே தோன்றாது. குறைந்தபட்ச நீளம் 1 என்னும் விதிக்குத்தான் அந்தச் செய்தியைத் தர வேண்டும். யப்பின் 'ரெக்வயர்ட்' வெற்றுச் சரத்தையும் மறுக்கிறது. ஜோயும் மறுக்கிறது, ஆனால் 'ஸ்ட்ரிங்.எம்ப்டி' என்னும் வேறு குறியீட்டில். எனவே 'எனி.ரெக்வயர்ட்', 'ஸ்ட்ரிங்.எம்ப்டி' ஆகிய இரண்டு குறியீடுகளுக்கும் செய்தி எழுதினால்தான் வேலை முடியும்.

புதிய திட்டத்துக்கு நான் ஸாட் 4-ஐயே தேர்வேன். சர்வரில் ஏற்கெனவே ஜோய் இருந்தால் அதைக் கைவிடக் காரணம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: யப்பும் ஜோயும் இயல்பாக முதல் பிழையிலேயே நின்றுவிடும். 'அபார்ட்எர்லி' என்னும் அமைப்பை அணைத்தால்தான் மற்றப் புலங்களுக்கு எழுதிய செய்திகளும் பயனரைச் சென்றடையும்.