முயலுக்குச் சொறியா, தெள்ளுப்பூச்சியா? ஊசி, சொட்டு மருந்து, வேப்பெண்ணெய்: எதற்கு எது?

எங்கள் வீட்டு முயல் பின்னங்காலைத் தூக்கிக் காதைப் பறபறவென்று சொறியத் தொடங்கிய வாரத்தில், ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தை, "வேப்பெண்ணெயைத் தடவிவிடும்மா, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார். முயல் பண்ணை வைத்திருக்கும் நண்பர், "ஐவர்மெக்டின் ஒரு ஊசி போட்டுடு, ஓடிடும்" என்றார். செல்லப்பிராணிக் கடையில் நாய்க்குட்டிக்கு விடும் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள். கடைசியாகத்தான் கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் எந்த மருந்தின் பெயரையும் சொல்லவில்லை. முதலில் காது மடலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார்.

உள்ளே காய்ந்த ஏரிச் சேறு வெடித்தது போல, பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு. அதில் துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்ததும் பூச்சிகள் ஊர்வது தெரிந்தது. சொரோப்டஸ் என்ற காதுச் சொறிப் பூச்சி.

இந்த வரிசை முக்கியம். "முயலுக்குப் பூச்சி" என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள் நாலு வகை இருக்கிறது, ஒன்றுக்கு ஆகும் மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது. காதுக்குள் பொருக்கு இருந்தால் சொரோப்டஸ். மூக்கு நுனி, உதடு, கால்விரல் ஓரங்களில் வெள்ளையாகத் தடித்தால் சார்கோப்டஸ் வகைச் சொறி. பண்ணை முயல்களில் அடிக்கடி பார்ப்பது. கழுத்துக்குப் பின்னாலும் முதுகிலும் தவிடு கொட்டியது போலப் பொடுகு உதிர்ந்தால் கெய்லெட்டியெல்லா. அந்தப் பொடுகைக் கறுப்புத் தாளில் உதறிப் பாருங்கள்; சில துகள்கள் நகரும். ஆங்கிலத்தில் அதற்கு 'நடக்கும் பொடுகு' என்றே பெயர். தெள்ளுப்பூச்சியைக் கண்டுபிடிப்பது இதையெல்லாம்விட எளிது. பேன் சீப்பால் வாரி, வரும் கறுப்புத் துணுக்குகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். கரையாவிட்டால் வெறும் மண்.

மருந்துகளில் ஊசி முதலில். காதுச் சொறி, முகச் சொறி, பொடுகுப் பூச்சி மூன்றுக்கும் ஐவர்மெக்டின் நன்றாக வேலை செய்யும். மலிவு, எல்லாக் கால்நடை மருந்துக் கடையிலும் கிடைக்கும். இதன் குறையும் அந்த 'எல்லாக் கடையிலும்' என்பதில்தான் இருக்கிறது. கடையில் கிடைப்பது மாட்டுக்கான 1 சதவீத மருந்து. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். மாட்டுக்கு 50 கிலோவுக்கு 1 மில்லி என்று கணக்கு. முயலுக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுப்பது கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ முயலுக்கு உச்ச அளவே 0.6 மில்லிகிராம்தான், மில்லியில் 0.06. ஒரு மில்லிக்கு 100 யூனிட் என்று குறித்த இன்சுலின் சிரிஞ்சில் ஆறே யூனிட்! சாதாரண 2 மில்லி சிரிஞ்சில் குத்துமதிப்பாக இழுத்தால் பத்து மடங்கு போய்விடுவது கண்சிமிட்டும் வேலை. நண்பர் சொன்ன மருந்து சரி. "ஒரு ஊசி" என்றதுதான் தப்பு. ஐவர்மெக்டின் முட்டையைக் கொல்லாது. பொரித்து வருபவற்றைப் பிடிக்க 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாவது, பல சமயம் மூன்றாவது ஊசியும் வேண்டும். முதல் ஊசியிலேயே சொறிவது நின்றுவிடுவதால் பாதிப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி பொருக்கு வந்ததும் பழி மருந்தின்மேல் விழும்.

இன்னொன்று: தெள்ளுப்பூச்சிக்கு இந்த ஊசியை நம்பாதீர்கள்.

அதற்கு எதிரே செலமெக்டின். நாய், பூனைக்கென்று வரும் சொட்டு மருந்து. முயலுக்கு டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எடை பார்த்து அளவு குறிப்பார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே, முயலின் நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விடவேண்டும். சொறிப் பூச்சி மூன்றும் போகும், தெள்ளும் போகும். விலை ஊசியைவிடப் பல மடங்கு. முயலின் உடம்பு இதைப் பூனையைவிடச் சீக்கிரம் கழித்துவிடுவதால் 'மாதம் ஒருமுறை' என்ற பூனைக் கணக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஊசியைக் கண்டாலே உதறி எகிறும் முயலுக்கும், என்ன பூச்சி என்று உறுதியாகத் தெரியாத நிலைக்கும் என் வாக்கு இதற்குத்தான். துள்ளி உதைப்பதில் முயல் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும் என்பதை, வீட்டிலேயே ஊசி போட நினைப்பவர்கள் யோசிக்கவேண்டும்.

தெள்ளு மட்டும்தான் என்றால் இமிடாகுளோப்ரிட் போதும். பிரிட்டனில் சிறிய பூனைக்கும் முயலுக்கும் சேர்த்தே உரிமம் பெற்ற மருந்து இது. பூனையில் மூன்று நான்கு வாரம் தாங்குவது முயலில் ஒரு வாரம்தான் தாங்கும். சொறிப் பூச்சியை ஒன்றும் செய்யாது. வாங்கும்போது நாய்க்கான கலவையை எடுத்துவிடாதீர்கள். அவற்றில் சிலதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்ந்திருக்கும். பூனைக்கு அது விஷம், முயலுக்கும் வேண்டாம்.

கடையில் எனக்கு நீட்டிய மருந்துக்கு வருகிறேன். உறையின் பின்புறப் பொடி எழுத்தைப் படித்தால், ஃபிப்ரோனில். நாய்க்கும் பூனைக்கும் கோடிக்கணக்கில் விற்கும் மருந்துதான். முயலுக்கோ வலிப்பு வரை கொண்டுபோய் உயிரையே எடுத்துவிடும். இதை வேறு எதனோடும் ஒப்பிட வேண்டியதே இல்லை, பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னொரு கண்ணி உண்டு: பூனையின் பிடரியில் ஃபிப்ரோனில் விட்டிருப்பீர்கள், முயல் பாசமாகப் போய் அந்த இடத்தையே நக்கும். இரண்டும் ஒன்றாகப் படுத்துறங்கும் வீடென்றால் பூனைக்கும் செலமெக்டினையோ இமிடாகுளோப்ரிட்டையோ டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். காயும்வரை இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

வேப்பெண்ணெயை அத்தைக்காகவாவது நியாயமாகப் பார்க்கவேண்டும். பொருக்கை ஊறவைக்கும், கொஞ்சம் அரிப்பு குறையும். ஆனால் காதுப் பூச்சி காதோடு நிற்பதில்லை, உடம்பிலும் இருக்கும். எண்ணெய் எட்டாத இடத்திலிருந்து மறுபடி காதுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தடவியதெல்லாம் வயிற்றுக்குள். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பண்ணைகளில் மூக்குச் சொறிக்குப் பூசும் பென்சைல் பென்சோயேட்டுக்கும் இதே பதில். கற்பூரம் கலந்த எண்ணெயைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். பூச்சி ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: நனைந்த முயல் குளிரிலும் பயத்திலும் அதிர்ச்சிக்குப் போய்விடக்கூடும்.

எந்த மருந்தானாலும் கூண்டைக் கவனிக்காவிட்டால் வீண். குளிர்ந்த ஈரமான இடத்தில் காதுச் சொறிப் பூச்சி முயலின் உடம்பில் இல்லாமலே மூன்று வாரம் வரை தாக்குப்பிடிக்கும். பழைய வைக்கோல், சாக்கு, மரப்பெட்டி எல்லாவற்றையும் மாற்றுங்கள். தெள்ளு முட்டை முயலின் மேல் நிற்காமல் தரையில் உதிர்வதால் பாய்க்கடியிலும் சோபா இடுக்கிலும் கூட்டவேண்டும். வீட்டிலிருக்கும் எல்லா முயலுக்கும் ஒரே நாளில் மருந்து, சொறியாததற்கும் சேர்த்து.

பொடுகுப் பூச்சிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இது ஏன் இவ்வளவு பெருகியது? நல்ல முயல் தன்னைத் தானே வாரி, நக்கி இதை அளவோடு வைத்திருக்கும். முதுகில் பொடுகு கொட்டினால் வாய் அங்கே எட்டவில்லை என்று அர்த்தம். உடம்பு பெருத்திருக்கலாம், பல் வளைந்து வளர்ந்திருக்கலாம், வயதாகி இடுப்பு வலிக்கலாம். ஊசி பூச்சியைக் கொல்லும், பல்லைத் தேய்க்காது. முயலைத் தூக்கும் உங்கள் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளி வந்து அரித்தால் பதற வேண்டாம். அதற்கு மருந்து போட்டதும் உங்களுக்கும் தணியும்.

எங்களுக்கு டாக்டர் ஊசியைத்தான் தேர்ந்தெடுத்தார். போட்ட பின் அன்று இரவு முழுக்க அது புல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். அரை நாள் வாய் வைக்காவிட்டால் உடனே தூக்கி வரவேண்டும் என்றார். காதுப் பொருக்கைப் பிய்க்கவே கூடாது, அடியில் பச்சைப் புண் என்று இரண்டு முறை சொன்னார். விரல் துருதுருத்தது, அடக்கிக்கொண்டேன். பதினோராம் நாள் காலை கூண்டுத் தட்டை இழுத்தபோது, காதின் வளைவு அப்படியே பதிந்த ஒரு பெரிய பொருக்கு புழுக்கைகளுக்கு நடுவே கிடந்தது. காதுக்குள் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். இரண்டாவது ஊசிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. காலண்டரில் வட்டமிட்டிருந்ததை அழிக்கவில்லை.