நான்கு ட்ராக் கசெற்றா, எட்டு ட்ராக் ரீலா?

சிந்தசைசர்களைக் கொண்டு வீட்டிலேயே இசையமைக்கும் மட்டக்களப்பு இளைஞர் ஒருவர் பழைய ரெக்கோடர் தேடினால், அவர்முன் இரண்டு தெரிவுகள் நிற்கும்: 1979இல் டஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோவின் வழிவந்த நான்கு ட்ராக் (தனித்தனியாகப் பதியக்கூடிய ஒலித்தடம்) கசெற் கருவி, அல்லது கால் அங்குல ரீலில் எட்டு ட்ராக் பதியும் பொஸ்டெக்ஸ் ஆர்8 போன்றது.

ரீலில் ட்ராக் அகலமானது என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. கசெற்றின் 3.81 மி.மீ. நாடா நான்காகவும் ரீலின் 6.35 மி.மீ. நாடா எட்டாகவும் பிரிவதால், ஒரு ட்ராக்குக்குரிய இடம் ரீலில்தான் சற்றுக் குறைவு. ரீலை உயர்த்துவது வேகம்: போர்ட்டாஸ்டூடியோ 144இல் செக்கனுக்கு 9.5 செ.மீ. ஓடும் நாடா, ஆர்8இல் 38 செ.மீ. ஓடுகிறது. சல்லரி எனும் கூத்துத் தாளத்தின் கணீர் ஒலி மங்காமல் நிற்பது அதனால்தான்.

ஆனால் சிந்தசைசர் இசைக்கு எட்டு ட்ராக் அவசியமா என்பதே என் கேள்வி. கசெற்றின் நான்காம் ட்ராக்கில் சிங்க் ஒலியை (கருவிகளை நாடாவோடு ஒத்து ஓடவைக்கும் சைகையை) பதிந்துவிட்டால், அதைக் கேட்டு சீக்குவென்சர், அதாவது சிந்தசைசரைத் தானாக வாசிக்கவைக்கும் கருவி, ஓடும். பேஸ், ட்ரம் மெஷின், கோர்ட் ஆகியவற்றை நாடாவில் பதியாமலே, இறுதி மிக்சிங்கின்போது கருவிகளிலிருந்து நேரடியாக எடுக்கலாம். எஞ்சும் மூன்று ட்ராக்குகளும் குரலுக்கும் உடுக்கைக்கும் போதுமானவை. சிங்க் ட்ராக்கில் மட்டும் டி.பி.எக்ஸ். இரைச்சல் குறைப்பை நிறுத்த வேண்டும். சில மாடல்களில் இதற்கென்றே சுவிச் உண்டு. சிங்க் ஒலி பக்கத்து ட்ராக்குக்குக் கசியும் என்பதால், அங்கே மென்மையான குரலை வைக்காமல் உடுக்கையை வைப்பது நல்லது. பாட்டில் எந்த இடம் என்று சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்லும் சாதாரண எஃப்.எஸ்.கே. வகை சிங்க் என்றால் ஒவ்வொரு முறையும் பாட்டைத் தொடக்கத்திலிருந்தே ஓட்ட வேண்டியிருக்கும் என்பது உண்மையான இடைஞ்சல்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடி போன்ற இடங்களில் ஈரப்பதன் பெரிய எதிரி. பழைய அம்பெக்ஸ் 456 போன்ற ரீல் நாடாக்களின் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்கிறது. கசெற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எனினும் இக்கருவிகள் கேட்கும் டைப் 2 (குரோம் வகை) கசெற் புதிதாகக் கிடைப்பது இப்போது அரிது.

ஆகவே தனியாக வேலை செய்பவருக்குக் கசெற்றையே பரிந்துரைக்கிறேன். மத்தளம், சல்லரி, கூத்தை நடத்தும் அண்ணாவியார் குரல், பிற்பாட்டு என ஒரு கூத்துக் குழுவையே ஒரே நேரத்தில் தனித்தனி ட்ராக்கில் பிடிக்க விரும்புபவர் ரீலை நாடட்டும். கருவி ஜப்பானிய 100 வோல்ட் வகையென்றால், நமது 230 வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.